வெப்பம் போகும் வழி

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் குளிரூட்டித் தொழில் பயிலும் மாணவர்களும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையில் இருட்டோடு மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரு மொட்டைமாடிகளில் சில்லருக்கும் கூலிங் டவருக்கும் நடுவே நாளைக் கழித்துவிட்டு, ராத்திரி வீடு திரும்பும் தம்பிகளுக்கு வணக்கம். இந்தத் தொழிலுக்குள் இப்போது வரத் தொடங்கியிருக்கும் தங்கைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ஒரு கட்டடத்திலிருந்து "ஏ.சி. குளிரவில்லை" என்று அழைப்பு வருகிறது. கருவிப் பையோடு போய் நிற்கிறோம். முதலில் எதைப் பார்ப்பது? இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

நம் தொழிலில் பெரும்பாலோர் போனதும் கேஜை மாட்டுகிறார்கள். சக்‌ஷன் அழுத்தம் குறைவாக இருந்தால் "கேஸ் கம்மி" என்று சொல்லி சிலிண்டரைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது, வாடிக்கையாளரும் பணம் கொடுத்துவிடுகிறார். ஆனால் கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸை அடித்துவிட்டு வருவது பழுது பார்த்ததாகாது. கேஸே குறையாத இயந்திரத்துக்குக் கேஸ் அடிப்பது அதைவிட மோசம், அது இயந்திரத்தைக் கெடுப்பது.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. அறைக் காற்றிலிருந்து காயிலுக்கு, காயிலிலிருந்து கேஸுக்கு, கேஸிலிருந்து கண்டன்சருக்கு, கண்டன்சரிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து வானத்துக்கு என்று வெப்பம் கைமாறிக்கொண்டே போகிறது. குளிரவில்லை என்றால் இந்தக் கைமாற்றங்களில் ஏதோ ஒன்றில் அது தேங்கி நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

இதை இந்த ஊரில் சொல்ல எனக்குப் பெருமை. இந்தியாவிலேயே மிகக் கடினமான குளிரூட்டும் வேலை நடந்த இடம் இதுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறக்குறைய 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. புதிதாக உடைத்த பாறையில் கை வைத்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1965இல் இதே சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். அது உலகப் புகழ் பெற்றது, பெறவும் வேண்டியது. ஆனால் அந்த விஞ்ஞானிகளும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் அங்கே மூச்சுவிட முடிந்ததே, அதற்குக் காரணமான காற்றோட்டப் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே இருக்கிறது.

அவர்களுக்கு இருந்த சிக்கலைக் கேளுங்கள். சூடு பாறையிலிருந்து மட்டும் வரவில்லை. ஷாஃப்டில் இறங்கும் காற்றை, மேலே இருக்கும் காற்றின் எடை அமுக்குகிறது. அமுங்கும் காற்று சூடாகும். உலர்ந்த காற்று 1,000 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி ஏறிவிடும். மேலே 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று 3,000 மீட்டர் அடியில் பாறையைத் தொடாமலே 55 டிகிரியை எட்டப் பார்க்கும். ஷாஃப்டின் சுவர் நனைந்திருந்தால் அந்த ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அந்த ஆவி காற்றிலேயே தங்கிவிடும். உள்ளே நிற்பவனின் வியர்வை அப்புறம் காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பின் சூடு போக வழியில்லை.

அதனால்தான் சுரங்கத்தில் சாதாரண வெப்பமானியை யாரும் நம்பவில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் அளவைத்தான் பார்த்தார்கள். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன: வேலை நடக்கும் இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30.5ஐத் தாண்டினால் நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் காற்று ஓட வேண்டும். அதற்கும் முன்பே தங்கவயலின் டாக்டர் கேப்ளன், நிலத்தடியில் மயங்கி விழும் தொழிலாளர்களைப் பற்றி 1944இல் ஓர் ஆய்வு எழுதினார். 1946இல் லிண்ட்சே என்பவரோடு சேர்ந்து, ஆழமான சுரங்கத்தில் வெப்பம் ஏறும்போது மனிதனின் வேலைத்திறன் எப்படி விழுகிறது என்று சோதனை செய்து எழுதினார். வெப்பமும் உழைப்பும் பற்றிய ஆராய்ச்சிகள் பிற்காலத்திலும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டின. அந்தச் சோதனைகளுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து போன நம் ஆட்கள்.

பிரேசில் நாட்டின் மோரோ வெல்யோ சுரங்கத்தில் 1920களின் தொடக்கத்திலேயே குளிரூட்டும் இயந்திரங்கள் வந்தன. தென்னாப்பிரிக்காவின் ராபின்சன் டீப் சுரங்கத்தில் 1935இல் வந்தன. சுரங்கக் குளிரூட்டலின் வரலாற்றை எழுதுபவர்கள் அந்த வரிசையில் கோலாரையும் வைக்கிறார்கள். இங்கே பணியாற்றிய ஜாக் ஸ்பால்டிங் 1949இல் ஆழச் சுரங்கங்களைப் பற்றி ஒரு பாடநூலே எழுதினார்.

சுரங்கத்துக்கு மேலே வைத்த இயந்திரம் குளிர்வித்து அனுப்பும் காற்று இறங்கும்போது சூடாகிவிடுமே, அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. குளிர்விக்கும்போது காற்று தன்னிடமிருந்த தண்ணீரைச் சொட்டிவிடுகிறது. உலர்ந்து இறங்குகிறது. கீழே போய்ச் சூடேறினாலும் வியர்வையை வாங்கிக்கொள்ளும் பசி அதற்கு இருக்கும். ஆழம் இன்னும் கூடினால் அதுவும் போதாது. தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் சுரங்கம் 4 கிலோமீட்டரை நெருங்குகிறது. அங்கே பனிக்கட்டிக் கூழையே குழாய் வழியாகக் கீழே அனுப்புகிறார்கள்.

என் பெரியப்பா சாம்பியன் ரீஃபில் காற்றோட்டப் பிரிவில் ரீடிங் எடுக்கும் வேலை பார்த்தார். அவர் கையாண்ட வகைக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன், முன்வரிசையில் இருப்பவர்கள் பாருங்கள். ஒரு சட்டத்தில் இரண்டு வெப்பமானி, சுழற்ற ஒரு கைப்பிடி. ஒரு குமிழில் மட்டும் பருத்தித் துணித்திரி. இந்தத் திரி சுத்தமாக இருக்க வேண்டும். விரல் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறினாலே அளவு கெட்டுவிடும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும், ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீர். இப்படி அரை நிமிடத்துக்குக் குறையாமல் சுழற்ற வேண்டும். நிறுத்தியதும் ஈரக்குமிழைத்தான் முதலில் படிக்க வேண்டும், ஏனென்றால் நின்ற நொடியிலிருந்து அது ஏறத் தொடங்கும். இதோ, உலர்குமிழ் 28, ஈரக்குமிழ் 21. ஒரே ரீடிங்கை நம்பக் கூடாது, இரண்டு முறை ஒரே அளவு வரும்வரை சுழற்று என்பார் பெரியப்பா.

ஓரிடத்தில் ஈரக்குமிழ் ஏறிவிட்டால் காற்றோட்டப் பிரிவினர் உடனே மெஷினைக் குறை சொல்லவில்லை. காற்று வந்த வழியே பின்னால் நடந்தார்கள். எந்த லெவலில் ஏறியது, எந்தத் திருப்பத்தில் ஏறியது என்று அளந்துகொண்டே போவார்கள். பாதி நாள் காரணம் ஒரு கதவாக இருக்கும். யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனவர் காற்றுக்கதவைத் திறந்தபடி விட்டிருப்பார். நல்ல காற்று வேலை நடக்கும் இடத்துக்குப் போகாமல் குறுக்கு வழியில் வெளியேறும் ஷாஃப்டுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். மேலே மெஷின் ஒழுங்காக ஓடும், மின்சாரம் செலவாகும், கீழே ஆள் மயங்கி விழுவான்.

தம்பிகளே, பெங்களூருவில் நீங்கள் பார்க்கும் பழுதுகளில் எத்தனை இதே பழுது என்று யோசித்துப் பாருங்கள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து, அதில் அடுக்கடுக்காக அவுட்டோர் யூனிட்டுகள். கீழ் யூனிட் துப்பும் சூட்டை மேல் யூனிட் உறிஞ்சுகிறது, மேல் யூனிட் துப்புவது அதற்கும் மேலே போகிறது. மத்தியானம் 2 மணிக்கு மேல்மாடியில் ஹை பிரஷர் டிரிப். ஆள் வந்து கண்டன்சரைக் கழுவுகிறார், ரீசெட் செய்கிறார், போகிறார். மறுநாள் அதே 2 மணிக்கு மறுபடி டிரிப். ஊர் வெப்பநிலை 34 இருக்கும்போது அந்த யூனிட்டின் முதுகுக்குப் பின்னால் வெப்பமானியை வைத்துப் பாருங்கள், 45 காட்டும். மெஷினில் ஒன்றும் இல்லை. காற்று குறுக்கு வழியில் போகிறது. அங்கே தகரத்தில் ஒரு தடுப்பு அடித்தால் தீர்ந்துவிடும் வேலை.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெங்களூருவில் ஒரு ஜவுளிக் கடை, முதல் மாடி. 11 டன் டக்ட் யூனிட், ஆர்-22 கேஸ், கேபிலரி வகை. குளிரவில்லை என்று ஒரே பருவத்தில் இரண்டு முறை கேஸ் அடித்திருந்தார்கள். அடித்த அன்று கொஞ்சம் பரவாயில்லை என்பார்கள், பத்து நாளில் பழையபடி. நான் போனபோது சக்‌ஷன் 55 பிஎஸ்ஐ. ஆர்-22க்கு அந்த அழுத்தம் என்றால் காயிலுக்குள் கேஸ் கிட்டத்தட்ட மைனஸ் 1 டிகிரியில் கொதிக்கிறது. வழக்கமாக 70க்குப் பக்கத்தில், 5 டிகிரியில் இருக்க வேண்டும். ஆக அழுத்தம் குறைவுதான். கேஜ் மட்டும் வைத்திருப்பவர் மூன்றாம் முறையும் கேஸ் அடித்திருப்பார்.

நான் கேஜுக்கு முன்பே வெப்பமானியை எடுத்திருந்தேன். திரும்பும் காற்று 25, உள்ளே வரும் காற்று 8. வித்தியாசம் 17 டிகிரி. ஒழுங்கான யூனிட்டில் 10, 11 இருக்கும். கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால் 4, 5 தான் இருக்கும், ஏனென்றால் சூட்டை வாங்கிக்கொள்ளக் காயிலில் போதுமான கேஸ் இருக்காது. 17 என்றால் காயில் நன்றாகவே வேலை செய்கிறது, அதன் மேல் போகும் காற்றுதான் போதவில்லை. பிறகு கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயில் வெப்பமானியைக் கட்டினேன். 1 டிகிரி. கொதிநிலை மைனஸ் 1, குழாய் 1, சூப்பர்ஹீட் வெறும் 2. கேஸ் குறைந்த யூனிட்டில் அந்தக் குழாய் 14, 15 காட்டும். இங்கே கேஸ் ஆவியாகி முடியாமலே திரவத்தோடு கம்ப்ரஸருக்குப் போய்க்கொண்டிருந்தது. காயில் முழுக்கப் பனி. அந்த நிலையில் இன்னும் கேஸ் அடித்தால் கம்ப்ரஸரின் வால்வுத் தகடு உடையும். எக்ஸ்பான்ஷன் வால்வு வைத்த யூனிட்டாக இருந்தால் சூப்பர்ஹீட் இவ்வளவு விழாது, வால்வு தன்னை மூடிக்கொண்டு 5, 6இல் நிறுத்தப் பார்க்கும். ஆனால் காற்றின் வித்தியாசம் இரண்டு வகையிலும் பொய் சொல்லாது.

காற்று எங்கே நிற்கிறது? ஃபில்டர் சுத்தம். பெல்ட் இறுக்கம் சரி. ஃபேன் சரியான பக்கம் சுற்றுகிறது. திரும்பும் காற்றின் வழியே நடந்தேன். அது பின்பக்கச் சரக்கறையைத் தாண்டி வர வேண்டும். தீபாவளிக்கு வந்த புடவைக் கட்டுகளைச் சரக்கறையில் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். கிரில் இருந்த சுவர் முழுக்க மூடியிருந்தது. கட்டுகளை ஒரு முழம் தள்ளி அடுக்கச் சொன்னோம். பனி உருக நேரம் ஆனது. உருகிய பிறகு கூடுதலாக அடித்திருந்த கேஸை ரெகவரி மெஷினில் இழுத்து, பெயர்ப்பலகையில் போட்டிருந்த எடைக்குத் திருப்பி நிரப்பினோம். கடைக்காரர், "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அவரைவிட எனக்கு வருத்தம், அந்தச் செலவு நம் தொழிலின் பெயரில் நடந்தது.

எடுத்த கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் இழுத்தோம் என்பதைக் கவனித்தீர்களா? ஒரு கிலோ ஆர்-22ஐ வெளியே விட்டால் 1,800 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம், ஓசோனுக்கும் கேடு. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2030க்குள் அதை ஏறக்குறைய முழுக்க நிறுத்தப் போகிறோம். அதற்குப் பின் வந்த கேஸ்களையும் குறைக்க வேண்டும் என்ற கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது.

தண்ணீரில் குளிரும் சில்லர்களுக்கு வருவோம். இங்கே நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரே வில்லன். கோலார், பெங்களூரு போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் மிச்சமாகிக் கண்டன்சர் குழாயின் உட்புறத்தில் ஓடு மாதிரிப் படிகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கண்டன்சரைத் திறக்க வேண்டியதில்லை. ஹெட் பிரஷரைப் பார்த்து அதற்குரிய கொதிநிலையைப் படியுங்கள், வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலையை அதிலிருந்து கழியுங்கள். சுத்தமான கண்டன்சரில் அது 1 முதல் 3 டிகிரிக்குள் நிற்கும். 6, 7க்குப் போய்விட்டால் குழாயில் படிவு. கண்டன்சர் சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் மின்செலவு 2, 3 சதவீதம் ஏறும். கட்டட மேலாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் கழுவுவதற்கு மறுக்க மாட்டார்.

அதற்கு முன்னால் டவர் தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சுழற்றும் கருவி. எந்தக் கூலிங் டவராலும் தண்ணீரை ஈரக்குமிழ் அளவுக்குக் கீழே குளிர்விக்க முடியாது. நல்ல டவர் அதற்கு 3, 4 டிகிரி மேலே வரை கொண்டுவரும். சென்னையில் ஈரக்குமிழ் 28 இருக்கும் நாளில் டவரிலிருந்து 32 டிகிரித் தண்ணீர் வந்தால் குறை சொல்ல முடியாது. பெங்களூருவில் ஈரக்குமிழ் 21 இருக்கும்போது அதே 32 வந்தால் டவரில் கோளாறு: நாசில் அடைத்திருக்கும், ஃபில் சரிந்திருக்கும், ஃபேன் பிளேடின் கோணம் மாறியிருக்கும். சென்னையில் பழகியவர் பெங்களூரு டவரைப் பார்த்து "32 தானே, நார்மல்" என்று போய்விடுகிறார். நான் பார்த்திருக்கிறேன். ஊரின் காற்றை அளக்காமல் இயந்திரத்தின் அளவுக்கு அர்த்தமே கிடையாது.

நம் ஊர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கேட்டலாகில் போட்ட அளவுக்கு ஃபேன் சுற்றினாலும் அது தூக்கிச் செல்லும் சூடு அந்த அளவுக்குக் குறையும். புதிதாக மாட்டிய யூனிட் கணக்குப்படி குளிரவில்லை என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

மின்சாரப் பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஐ.டி.ஐ.யில் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். கம்ப்ரஸர் எரிந்துவிட்டது என்று புதிதை மாட்டுவதற்கு முன் மூன்று ஃபேஸின் வோல்டேஜையும் ஓடும்போது அளந்து பாருங்கள். வோல்டேஜில் 2 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தால் கரன்ட்டில் அது பல மடங்காகும். தளர்ந்த ஒரு டெர்மினல், கறுத்த ஒரு கான்டாக்டர், இவைதான் புதுக் கம்ப்ரஸரையும் எரிக்கும். இந்த ஊருக்கு சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது, ஆசியாவின் பல பெரிய நகரங்கள் இருட்டில் கிடந்த காலத்தில். மின்சாரத்தை மதிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

அதே 1902இல்தான் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் தன் முதல் குளிரூட்டும் திட்டத்தை வரைந்தார். மனிதர்களுக்குக் குளிர் வேண்டி அல்ல. காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாமல் போயின. ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் அந்த இயந்திரம். நாம் இதை மறந்துவிடுகிறோம். மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் திரையில் 20 டிகிரி காட்டும், ஆனால் சுவரில் ஈரம் பூக்கும், டாக்டர் கவுனுக்குள் வியர்ப்பார். அங்கே சில்லரைத் தேடிப் போகாதீர்கள், ஹீட்டரைத் தேடுங்கள். தியேட்டரில் காற்றை முதலில் நன்றாகக் குளிர்வித்து ஈரத்தைச் சொட்ட வைத்து, பிறகு கொஞ்சம் சூடாக்கித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று யாராவது அந்த ஹீட்டரை அணைத்திருப்பார்கள். அறை சீக்கிரம் 20க்கு வந்துவிடும், குளிர்ந்த தண்ணீரின் வால்வு மூடிக்கொள்ளும், ஈரம் அப்படியே தங்கிவிடும். மழைக்காலத்தில் இந்தப் புகார் நிச்சயம் வரும்.

ஓட்டல்களில் வெந்நீர் போடும் ஹீட் பம்பும் இதே சுற்றுதான், திசை மட்டும் மாற்று. டிசம்பர் காலையில் தண்ணீர் சூடாகவில்லை என்றால் வெளியே இருக்கும் காயிலில் பனியும் தூசியும், உள்ளே ஹீட் எக்ஸ்சேஞ்சரில் உப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

எல்லா வேலையும் பெங்களூருவில்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கோலார் மாவட்டம் பால் மாவட்டம். கிராமங்களில் பால் குளிர்விப்புத் தொட்டிகள் இருக்கின்றன. மாட்டின் மடியிலிருந்து ஏறக்குறைய உடல் சூட்டில் வரும் பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், தாமதமானால் ஊரே கறந்த பால் கெட்டுப்போகும். அங்கே ஒரு தொட்டியில் மீட்டர் 4 காட்டியது, பால் மேலே கை வைத்தால் வெதுவெதுப்பு. கிளறும் மோட்டார் நின்றிருந்தது. அடியில் காயிலுக்குப் பக்கத்துப் பால் உறையத் தொடங்கியிருந்தது, சென்சார் அந்தக் குளிரைப் படித்து கம்ப்ரஸரை அணைத்துவிட்டிருந்தது. கிளறுபவன் நின்றால் வெப்பம் நகராது. "சத்தம் நேத்தே நின்னுபோச்சு" என்று சொன்னவர், அந்தத் தொட்டியைக் கழுவும் அம்மா. மெஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருப்பவரிடம் பேசாமல் பேனலைத் திறக்காதீர்கள். என்ன சத்தம் வந்தது, எப்போது நின்றது, அதற்கு முன் யார் எதைத் தொட்டார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். கசிவு பார்க்கக் குழாயில் அழுத்தம் ஏற்றும்போது நைட்ரஜன் மட்டும்தான், அதுவும் ரெகுலேட்டரோடு. கையில் வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று யாராவது ஏற்றினால், கம்ப்ரஸர் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்து வெடிக்கும். உயிரோடு இறங்கி வர மாட்டோம். புதிய ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது, ஆர்-290 என்பது சுத்தமான புரோபேன். பழைய பழக்கத்தில் பக்கத்தில் டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள். கேபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடாதீர்கள். ஐசோலேட்டரை அணைத்தால் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். சுரங்கத்தில் இழந்த உயிர்கள் போதும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை போன வீடுகளின் பிள்ளைகள் பெங்களூரு ரயிலைப் பிடித்தார்கள், இன்றும் பிடிக்கிறார்கள். அவர்களை யாரும் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் என்று மதிப்பதில்லை, "ஏ.சி. பையன்" என்று கூப்பிடுகிறார்கள். 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் 2022-23க்குள் 1 லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரவேண்டும் என்று இலக்கு வைத்தது. அப்படிப் பயிற்சி தரும் மையம் ஒன்று ஏன் இந்த ஊரில் நிரந்தரமாக இருக்கக் கூடாது? ராபர்ட்சன்பேட்டையில் கட்டடம் இருக்கிறது, கற்றுத்தரத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், கற்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் நகரசபையிடமும் நான் இதைக் கேட்டுக்கொண்டேயிருப்பேன், நீங்களும் கேளுங்கள்.

மதிப்பு கிடைக்க நாமும் ஒன்று செய்யலாம். வாடிக்கையாளர் நாம் அடித்த கேஸுக்குப் பணம் தருகிறார், கண்டுபிடித்ததற்குத் தருவதில்லை, ஏனென்றால் கண்டுபிடித்ததை நாம் அவர் கையில் கொடுப்பதில்லை. இனி ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்: திரும்பும் காற்று இவ்வளவு, வரும் காற்று இவ்வளவு, சக்‌ஷன், டிஸ்சார்ஜ், சூப்பர்ஹீட், அன்றைய ஈரக்குமிழ், மணி என்ன. நகலை உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். அடுத்த கோடையில் அதே யூனிட் முனகத் தொடங்கும்போது அந்த மேலாளர் பழைய ரசீதை எடுத்துப் பார்ப்பார், போன வருடம் வித்தியாசம் 10, இப்போது 6 என்று அவரே சொல்லி உங்களை அழைப்பார். எனக்கு அப்படி அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் "கேஸ் எவ்வளவு" என்று கேட்பதில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இந்தக் கருவியைச் சுழற்றிப் பார்க்க விரும்பும் மாணவர்கள் மேடைக்கு வாருங்கள், திரியை மட்டும் விரலால் தொடாதீர்கள்.